பாடம் வந்த போனிலேயே பயமும் வந்தது

2021 மார்ச் நடுவில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில், ஓர் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் கொரோனா நுழைந்தது. முதலில் ஒரு மாணவிக்கு உறுதியானது. மற்றவர்களையும் பரிசோதித்துப் பார்த்ததில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்குத் தொற்று இருந்தது. அடுத்தடுத்த நாள்களில் மாவட்டத்தின் வேறு பள்ளி, கல்லூரிகளிலும் தெரியவந்தது. பத்து மாதம் பூட்டிக் கிடந்து, ஜனவரி 19-இல் 10, 12 வகுப்புகளுக்கும் பிப்ரவரி 8-இல் 9, 11 வகுப்புகளுக்கும் திறந்த பள்ளிகள் அவை. மார்ச் 22 முதல் 9, 10, 11 வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கு வர வேண்டாம் என்று தமிழக அரசு மறுபடி சொல்லிவிட்டது.

தஞ்சாவூர் நகரத்துக்கு ஒரு பக்கம் அம்மாப்பேட்டை, மறுபக்கம் திருவையாறு. பஸ்ஸில் போனால் இரண்டு பஸ் மாற வேண்டிய தூரம். செய்திக்கு அந்தத் தூரம் கிடையாது. திருவையாற்றில் அன்றைக்கு ஒரு பிளஸ் 1 மாணவி என்ன பார்த்திருப்பாள் என்று யோசித்துப் பார்ப்போம். காலையில் ஒரு செய்தி சேனலின் சிவப்பு அட்டை. மத்தியானம் பாபநாசத்திலிருந்து அத்தையின் ஆடியோ: "பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க அண்ணி, இங்க என்னென்னமோ சொல்றாங்க." சாயங்காலம் ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்கைகள் நிறைந்து கிடக்கும் வீடியோ, ஊர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ராத்திரி வகுப்பு குரூப்பில் நாற்பது பேர் ஒரே கேள்வி: "நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" நடந்தது ஒரு சம்பவம். அவள் மனசில் பதிந்தது நான்கு. ஒரே செய்தி வேறு வேறு முகத்தோடு வந்தால் மனசு அதைத் தனித்தனியாகவே எண்ணிக்கொள்ளும். அவளுடைய பயத்தைப் புரிந்துகொள்ள இங்கிருந்து தொடங்க வேண்டும்.

அந்தப் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். இரண்டே மாதத்தில், 2021 மே 21 அன்று, தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. மார்ச்சிலேயே பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. பயம் எவ்வளவு இருக்கலாம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த போன் அவள் கைக்கு வந்த கதை. கொரோனாவுக்கு முன்னால் டெல்டா கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு சட்டம் இருந்தது: பன்னிரண்டாவது முடிச்சாத்தான் போன். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. அந்தச் சட்டம் அத்தோடு செத்தது. அரசு கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தியது உண்மைதான். ஆனால் வீட்டுப்பாடம், பயிற்சித்தாள், வருகைப் பதிவு, தேர்வுச் செய்தி எல்லாம் வகுப்பாசிரியரின் வாட்ஸ்அப் குரூப்புக்குத்தான் வந்தன. தோட்டை அடகு வைத்து போன் வாங்கிய வீடுகள் உண்டு. அந்த ஜூன் 12-ஆம் தேதி, எட்டு வருஷத்துக்குப் பிறகு குறித்த நாளில் மேட்டூர் அணை திறந்தது. குறுவை வேலை மும்முரம். அப்பா வயலுக்கு, அம்மா நடவுக்கு. வீட்டில் ஒரே போன் என்றால் அது பகலில் அப்பாவோடு போய்விடும், ராத்திரிதான் பிள்ளையிடம் வரும். தனி போன் என்றால் பகல் முழுக்கப் பிள்ளையும் போனும் மட்டும். இரண்டுமே நல்ல ஏற்பாடு இல்லை.

பெரியவர்களுக்கும் மாணவருக்கும் இருந்த பெரிய வித்தியாசம் இங்கேதான். சொந்தக்காரர் குரூப் தொல்லை தாங்கவில்லை என்றால் சித்தப்பா அதிலிருந்து வெளியேறிவிடலாம், மிஞ்சிப்போனால் ஒரு மனஸ்தாபம். பிளஸ் 1 மாணவி வகுப்பு குரூப்பை விட்டு வெளியேற முடியாது, போனை அணைத்து வைக்கவும் முடியாது. கணக்கு சார் எப்போது பயிற்சித்தாள் போடுவார் என்று தெரியாது. ஒரே வாய்க்காலில் பாடமும் பீதியும் சேர்ந்து வந்தன, மதகை மூடினால் இரண்டும் நிற்கும். "போனைக் குறைச்சுக்கோ" என்ற அறிவுரை அந்த வருஷம் மாணவர்களிடம் எடுபடாமல் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் இதை அப்போதே அளக்கத் தொடங்கினார்கள். சீனாவில் 2020 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 2 வரை 4,872 பேரிடம் இணையவழியில் கேட்டார்கள். சமூக ஊடகத்தில் நோய்ச் செய்தியை அடிக்கடி பார்த்தவர்கள் 100-க்கு 80 பேருக்கும் மேல். குறைவாகப் பார்த்தவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குப் பதற்றம் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 1.7 மடங்காக இருந்தது. ஈராக்கின் குர்திஸ்தான் பகுதியில் 516 பேரிடம் நடந்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. சமூக ஊடகப் பயன்பாடு கூடக் கூடப் பீதி கூடியது, 18 முதல் 35 வயதுக்காரர்களுக்கே பாதிப்பு அதிகம். அதே ஆண்டு ஈரானில் கொரோனா பயத்தை அளக்க ஏழு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 7 வந்தால் பயம் குறைவு, 35 வந்தால் உச்சம். உள்ளங்கை வியர்க்கிறதா, தூக்கம் கெடுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா என்கிற மாதிரிக் கேள்விகள். பின்னால் உலகமெங்கும் மாணவர்களிடம் இதை வைத்துத்தான் பயத்தை அளந்தார்கள்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்த ஏழு கேள்விகளில் ஒன்றே, கொரோனா பற்றிய செய்திகளையும் கதைகளையும் சமூக ஊடகத்தில் பார்க்கும்போது பதற்றம் வருகிறதா என்பதுதான். சமூக ஊடகத்தையே பார்க்காதவர் அதற்குக் குறைந்த மதிப்பெண்தான் போடுவார். எனவே "சமூக ஊடகம் பார்த்தவருக்குப் பயம் அதிகம்" என்று முடிவு வந்தால், அதில் ஒரு பங்கு கேள்வியிலேயே ஒளிந்திருக்கலாம். இன்னொன்று, போன் பார்த்ததால் பயந்தார்களா, பயந்ததால் போன் பார்த்தார்களா? அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் பிள்ளை ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே நேரத்தில் கேட்டு எடுக்கும் ஆய்வால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. என் கணிப்பு, இரண்டு பக்கமும் ஓடுகிறது: பயந்தவர் பார்க்கிறார், பார்த்தவர் இன்னும் பயப்படுகிறார்.

பார்ப்பது மட்டுமே பயத்தை எவ்வளவு ஏற்றும் என்பதற்குக் கொரோனாவுக்கு முந்தைய ஒரு சாட்சி உண்டு. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்தது. பிறகு நடந்த ஆய்வில், அந்த வாரம் தினமும் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அதே செய்தியை ஊடகங்களில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட மன உளைச்சல் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அங்கே இருந்தவருக்கு அது ஒரு முறை நடந்தது. திரையில் பார்த்தவருக்கோ நூறு முறை.

மனசு எண்களைக் கொண்டு ஆபத்தை அளப்பதில்லை. எது சட்டென்று ஞாபகத்துக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று கணக்குப் போடும். ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-லேயே விளக்கிச் சொன்னது இது. ஆக்சிஜன் இல்லாமல் ஒருவர் தவிக்கும் வீடியோ பத்து நாள் கழித்தும் கண்ணுக்குள் நிற்கும். "ஆயிரக்கணக்கானோர் குணமடைந்து வீடு திரும்பினர்" என்ற வரி அன்றைக்கே மறந்துபோகும். அதிலும் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் பெரும்பாலும் லேசாக வந்துபோகும் என்பது 2021-லேயே தெரிந்ததுதான். அந்த விஷயத்தை யாரும் வீடியோ எடுத்துப் போடவில்லை. எப்படி எடுப்பது? வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் பையனை எத்தனை நிமிஷம் காட்ட முடியும்?

கூடவே ஒரு கணக்குக் கோளாறு. அப்போது அன்றாடம் சாயங்காலம் சுகாதாரத் துறை மாவட்டவாரியாக எண்ணிக்கை வெளியிடும், அடுத்த அரைமணியில் அது எல்லா குரூப்பிலும் இருக்கும். பின்னக் கணக்கில் மேலே இருக்கும் எண் மட்டும்தான் அதில் வரும், கீழே இருக்கும் எண் வராது. 2011 கணக்கெடுப்பின்படி தஞ்சாவூர் மாவட்டத்தில் 24 லட்சம் பேர். அம்மாப்பேட்டைப் பள்ளியின் ஐம்பது சொச்சம் பேர் அந்தப் பள்ளிக்கு மிகப் பெரிய எண், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பதறியது நியாயம். திருவையாற்று மாணவிக்கு அதே எண் அதே பொருள் தராது. "எத்தனை பேரில், எங்கே, எத்தனை நாளில்" என்ற மூன்று கேள்வியும் பிளஸ் 1 படிப்பவருக்குக் கஷ்டமான கணக்கே இல்லை. யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது, அனுப்பியவர் யார் என்பது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் உலவிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம், பரப்புவதும் இயந்திரங்களைவிட மனிதர்கள்தான் என்றது அது. ட்விட்டரிலாவது அனுப்புகிறவர் முகம் தெரியாதவர். நம் ஊர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது அத்தை, டியூஷன் அக்கா, முன்னாள் ஹெட்மாஸ்டர். அத்தை பொய் சொல்ல மாட்டாள் என்பது சரி. அத்தைக்கு அனுப்பியவர் யார் என்பது அத்தைக்கும் தெரியாது. 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒரு குரூப்புக்கோ நபருக்கோ மட்டும்தான் அனுப்பலாம் என்று கட்டுப்படுத்தியது. அப்படிப்பட்ட பார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே பிறகு சொன்னது. அந்தச் செய்திகளின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பார்த்தவுடன், இது அத்தை எழுதியதில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

யூடியூப் தனி உலகம். "பகீர்", "அதிர்ச்சி", "கண்கலங்க வைக்கும்" என்று மூன்று வார்த்தைகளிலேயே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். ஒன்றைத் தொட்டால் அதே ஜாதியில் அடுத்த பத்து வரும். டிக்டாக்கை 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடை செய்தது, அதில் இருந்த பிள்ளைகள் சில வாரங்களிலேயே வேறு செயலிகளுக்குக் குடிபோய்விட்டார்கள்.

பயத்தைக் கிளப்பியது வதந்திக்காரர்கள் மட்டுமில்லை. 2020 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டத்தில் ஊரடங்கை மீறிச் சுற்றிய இளைஞர்களைப் பிடித்து, "கொரோனா நோயாளி" இருப்பதாகச் சொல்லி ஆம்புலன்சில் ஏற்றிய போலீஸ் வீடியோ ஒன்று ஞாபகம் இருக்கும். உள்ளே இருந்தவர் நடிகர். இளைஞர்கள் ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன? நோயாளி என்றால் ஜன்னல் ஏறிக் குதித்து ஓட வேண்டியவர், ஆம்புலன்ஸ் என்றால் தண்டனை. நாளைக்குத் தனக்கே காய்ச்சல் வந்தால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்குமா? அடுத்த மாதமே சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் அரியலூர் மாவட்டத்தில் தொற்று குபுகுபுவென ஏறியது. கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் திருமானூர், அரியலூர் ரோடு திருவையாற்று வழியாகத்தான் போகிறது. ஆத்துக்கு அந்தப் பக்கம் என்று இருந்தது ஒரே நாளில் பக்கத்து வீடு ஆனது. சென்னையிலிருந்து யார் வந்தார் என்பதுதான் அப்போது ஊருக்கு ஊர் பேச்சு. நோய்க்குப் பயந்தவர்களைவிட, வீட்டுக் கதவில் ஒட்டும் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கருக்குப் பயந்தவர்கள் அதிகம்.

மாணவரின் பயத்தில் நோய் ஒரு பாதிதான், மறுபாதி தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்வு ஜூன் 1 என்றார்கள், ஜூன் 15 என்றார்கள், 2020 ஜூன் 9-இல் ரத்து என்றார்கள். காலாண்டு, அரையாண்டுக்கு 80 சதவீதமும் வருகைக்கு 20 சதவீதமும் வைத்து மதிப்பெண். அடுத்த வருஷம் பிளஸ் 2 தேர்வும் ஜூன் 5-இல் ரத்தானது. நடுவில் 2020 ஆகஸ்டில் கல்லூரி அரியர்காரர்களுக்கு "ஆல் பாஸ்" அறிவிப்பு வந்து, அன்றைய தமிழக முதல்வரை மாணவர்களின் கடவுளாக்கிப் போஸ்டர் அடித்தார்கள். இந்தப் பெருந்தொற்றில் சமூக ஊடகம் மாணவர்களுக்குக் கொடுத்த ஒரே கலப்பில்லாத சந்தோஷம் அதுதான் போலிருக்கிறது. மற்றபடி தேதி மாறும் ஒவ்வொரு முறையும் பொய்த் தேதிகளும் சேர்ந்தே சுற்றின. பிள்ளை சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தால் கொரோனா பயம் என்று வீட்டில் நினைப்பார்கள். அது கணக்குப் பரீட்சை பயமாக இருக்கும்.

"பயப்படாதே" என்று வந்த பொய்களையும் விடக்கூடாது. முகக்கவசம் தேவையில்லை, இது வெறும் சளி, இந்தக் கஷாயம் போதும் என்றவையும் இதே போனில்தான் வந்தன. 2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் எல்லோர் முன்னிலையிலும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-இல் மாரடைப்பால் இறந்தார். தடுப்பூசிதான் காரணம் என்று அன்றைக்கே பரவியதை, அரசும் மருத்துவர்களும் மறுத்தபோதும், முழுதாக நிறுத்த முடியவில்லை. மத்திய அரசின் நிபுணர் குழு, தடுப்பூசிக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்ற முடிவைச் சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் போன ஆறு மாதத்தில் இரண்டாம் அலையே வந்து போயிருந்தது.

அப்படியானால் பயமே உதவாதா? 1965-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து நடந்த ஒரு சோதனை இதற்கு நல்ல பதில். டெட்டனஸ் நோயைப் பற்றிச் சிலருக்குக் கொடூரமான படங்களோடும், சிலருக்குச் சாதாரணமாகவும் விளக்கினார்கள். படம் பார்த்தவர்கள் நிறையப் பயந்தார்கள், ஊசி போட்டுக்கொள்ளப் போவதாகவும் சொன்னார்கள். ஆனால் விளக்கியதோடு விட்டபோது போனவர்கள் வெறும் 3 சதவீதம். சுகாதார மையம் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தோடு, எந்த நேரத்தில் போகலாம் என்பதையும் தெளிவாகச் சொன்னபோது போனவர்கள் 28 சதவீதம். நிறையப் பயமுறுத்தினாலும் கொஞ்சம் பயமுறுத்தினாலும் போனவர் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. அடுத்து என்ன செய்வது என்பது தெரிந்திருந்ததுதான் வேலை செய்தது.

சமூக ஊடகத்தின் நல்ல முகமும் அங்கேதான் தெரிகிறது. 2021 மே மாதம் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த நாள்களில் தமிழக அரசின் கட்டளை மையம் ட்விட்டரிலும் வேண்டுகோள்களை வாங்கி வழிகாட்டியது. எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது என்று போன் போட்டுச் சரிபார்த்துப் பட்டியல் போட்டதில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர். அவர்களும் மணிக்கணக்கில் போனோடுதான் இருந்தார்கள். ஆனால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, ஒரு வேலை செய்தார்கள். எத்தனை மணி நேரம் என்பதைவிட, அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத்தான் நான் கேட்பேன்.

பெருந்தொற்று இன்னொன்று வரும், எப்போது என்பது தெரியாது. அதற்குள் பள்ளிகள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பாடத்துக்கு ஒரு குரூப், அதில் ஆசிரியர் மட்டும் எழுதலாம், சாயங்காலம் ஒரு குறித்த நேரத்துக்குள் எல்லாம் போட்டு முடிக்க வேண்டும். இவ்வளவு இருந்தாலே பிள்ளை மற்ற நேரத்தில் போனைக் கீழே வைக்க முடியும். பக்கத்து ஊரில் தொற்று என்றால் தலைமையாசிரியரே அன்றைக்கே நான்கு வரி எழுதிவிடட்டும்: எங்கே, எத்தனை பேர், நம் பள்ளியில் நிலைமை என்ன, நாளைக்குப் பள்ளி உண்டா. அந்த நான்கு வரி வராத இடத்தில்தான் அத்தையின் ஆடியோ நுழைகிறது.

வீட்டில், "இன்னும் என்னடி போனு, வச்சுட்டுப் படு" என்பதற்கு முன்னால் "என்ன பாத்த, காட்டு" என்று ஒரு தடவை கேளுங்கள். கூட உட்கார்ந்து பார்த்தால் அந்த வீடியோ எந்த ஊர் என்றே போடவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். படுக்கப் போகும் நேரத்தில் நோய்ச் செய்தி வேண்டாம். அந்த நேரத்தில் வரும் செய்தியை யாரிடமும் கேட்டுத் தெளிய வழியில்லை. மாணவர்களே, ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன்னால் தேதியையும் ஊரையும் தேடுங்கள். இரண்டும் இல்லை என்றால் அது உங்களோடு நிற்கட்டும்.

நாள் கணக்கில் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது போனைப் பிடுங்கித் தீர்க்கும் விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் ஆலோசகர் பேசுவார். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள். பிள்ளையின் போனில் இந்த இரண்டு எண்ணையும் இன்றைக்கே பதிந்து வையுங்கள்.